சுவரில்லா வீடுகளின் ஊரில் ஒரு முஸ்லிம் விருந்தாளி

விடுமுறைப் பயணம் பற்றிய பேச்சு எழும்போது நம் குடும்பங்களில் இரண்டு குரல்கள் கேட்கும். மாற்று மதத்தவர் மட்டுமே வாழும் ஊரில் நமக்கென்ன வேலை, அந்தப் பணத்தில் இன்னொரு உம்ரா செய்யலாமே என்பது ஒன்று. கடலும் மணலும் கைப்பேசியில் எடுத்த படங்களும் போதும், அங்கே வாழ்பவர் யாராயிருந்தால் என்ன என்பது மற்றொன்று. முதல் குரல் அம்மக்களை அஞ்சுகிறது. இரண்டாவது குரலோ அவர்களைக் காண்பதேயில்லை. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கூறுவதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அறிந்துகொள்வதென்றால் அவர்களுடைய பாயில் போய் அமர வேண்டும். அவர்கள் பேசுவதைச் செவிமடுக்க வேண்டும். அப்படி அமர்வது ஈமானுக்குக் கேடு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருப்பதால்தான் இதனை எழுதுகிறேன்.

நான் அமர்ந்த பாய் சமோவா நாட்டில், சவாயி தீவின் ஒரு சிற்றூரில் இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்னுடன் பணிபுரியும் ஒருவரின் சொந்த ஊர் அது. அவருடைய தகப்பனார் அழைத்ததன் பேரில் குடும்பத்தோடு சென்றோம். ஆக்லாந்திலிருந்து விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பின்னர் உபோலு தீவிலிருந்து சவாயிக்குப் பெரும்படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதிலும் சுமார் 2 லட்சம் பேரே வாழ்கின்றனர். ஏறக்குறைய எல்லோருமே கிறித்தவர்கள். 1830இல் ஜான் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் சவாயியில் கரையிறங்கியதிலிருந்து தொடங்கும் வரலாறு அது. 2017இல் அரசியலமைப்பைத் திருத்தித் தங்கள் நாட்டைக் கிறித்தவ நாடு என்றே அறிவித்துக்கொண்டார்கள். முஸ்லிம்களும் இருக்கிறார்கள்; விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு.

அவ்வூரின் வீட்டுக்கு ‘ஃபாலே’ என்று பெயர். முட்டை வடிவத் தரை, சுற்றிலும் தூண்கள், மேலே கூரை. சுவர் கிடையாது. மழையோ வெயிலோ வந்தால் தென்னங்கீற்றில் முடைந்த தட்டிகளை இறக்கிவிடுகிறார்கள். இப்போது சுவர் வைத்த வீடுகளும் பெருகிவிட்டன என்றாலும், விருந்தினரை அமர்த்துவது இன்றும் திறந்த ஃபாலேயில்தான். சுவரில்லாத வீட்டில் ஒழுக்கம் எங்கே இருக்கும் என்று என் துணைவியார் முதல்நாள் கவலைப்பட்டார். மறுநாளே விடை கிடைத்துவிட்டது: அங்கே சுவரின் வேலையைக் கண்கள் செய்கின்றன. தெருவில் நடப்பவர் வீட்டுக்குள் உற்றுப் பார்ப்பதில்லை. அமர்ந்திருப்போரைக் கடந்து செல்ல நேர்ந்தால் குனிந்து, ‘துலோ’ என்று அனுமதி வேண்டிக்கொண்டு செல்கிறார்கள். கால்களை மற்றவர் பக்கம் நீட்டுவது அவமரியாதை; மடக்கி அமர இயலாதவர் கால்மீது ஒரு பாயையோ துணியையோ போர்த்திக்கொள்கிறார். பெரியவர்கள் அமர்ந்திருக்கும்போது நின்றபடி பேசுவதும், தெருவில் நடந்துகொண்டே உண்பதும் தவறு. ஊருக்குள் பெண்கள் தோளும் முழங்காலும் மறையவே உடுத்துகிறார்கள். கடலில் குளிப்பதும்கூடப் பெரும்பாலும் உடையோடுதான். நீச்சலுடையில் தெருவில் திரியும் வெளிநாட்டுப் பயணியரைக் கண்டு அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தேன். நம் வீட்டுப் பெண்களின் உடை அங்கே எவருக்கும் உறுத்தவில்லை. அயலார் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் சொல்லி மும்முறை அனுமதி கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்டது. கதவும் அழைப்புமணியும் உள்ள அடுக்குமாடிகளில் வாழும் நாம் இதனை எந்த அளவுக்குப் பேணுகிறோம் என்பதை அவரவரே அறிவர்.

அவ்வூரில் என்னை மிகவும் பாதித்தது அந்திப்பொழுது. கதிரவன் சாயும் நேரத்தில் ஊர்நடுவே ஒரு மணி ஒலிக்கும். சில ஊர்களில் சங்கு ஊதுகிறார்கள். நான் தங்கிய ஊரில், பயன்படாத எரிவாயு உருளை ஒன்றை மரத்தில் தொங்கவிட்டு இரும்பால் அடித்தார்கள். முதல் ஒலி கேட்டதும் மைதானத்தில் பந்து விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகிறார்கள். கடையில் நிற்பவர்கள் கிளம்புகிறார்கள். இரண்டாம் ஒலியோடு ‘சா’ தொடங்குகிறது. புனிதமானது என்றும், விலக்கப்பட்டது என்றும் அச்சொல்லுக்குப் பொருளுண்டு. நம் ‘ஹரம்’ என்னும் சொல்லின் இருமுகப் பொருளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பத்து இருபது நிமிடங்கள் ஊரே அடங்கிவிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் ஃபாலேயில் வட்டமாக அமர்ந்து பாடி, வாசித்து, வேண்டிக்கொள்கிறது. பட்டம் பெறாத இளைஞர்கள் சாலையோரம் வரிசையாக நின்று காவல் காக்கிறார்கள். அந்நேரம் எவரும் தெருவில் நடக்கலாகாது. வழிப்போக்கரானாலும் ஆங்காங்கே நின்றுவிட வேண்டும். மூன்றாம் ஒலி எழுந்ததும் ஊர் மீண்டும் அசைகிறது.

அவர்கள் யாரை, எவ்வாறு வணங்குகிறார்கள் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. அதனை மழுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த வட்டத்தில் நாங்கள் அமரவில்லை. ஃபாலேயின் மறுமூலையில் எங்கள் விரிப்பை விரித்து மஃரிப் தொழுதோம். அவர்கள் அதனை எதிர்பார்த்தே இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் இருட்டத் தொடங்கும் வேளையில் பிள்ளைகளை வீட்டினுள் அழைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மஃரிபின் வக்து குறுகியது. பாங்கு ஒலித்தவுடன் தகப்பன், தாய், பிள்ளைகள் என எல்லோரும் ஒருசேர அல்லாஹ்வின் முன் நிற்கும் வீடுகள் இன்று எத்தனை? தகப்பன் கடையிலோ பாலைவன நாட்டிலோ இருக்கிறார். பிள்ளைகளைத் தனிவகுப்புக்கு அழைத்துச் செல்லும் ஊர்தி சரியாக அந்நேரம் வாசலில் வந்து நிற்கிறது. நாம் தேர்ந்தெடுத்த கால அட்டவணை அது. சமோவாவின் பிள்ளைகளுக்கும் தேர்வு உண்டு, அவர்களுடைய தகப்பன்மாரும் அயல்நாட்டில் உழைக்கிறார்கள். ஆயினும் அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர்கள் விற்கவில்லை.

இதனைச் சொன்னால், காஃபிர்களிடம் நாம் பாடம் கற்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நபித்துவத்துக்கு முன் மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்பதாகச் சிலர் செய்துகொண்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையில் நபியவர்கள் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இப்போதும் ஏற்பேன் என்னும் கருத்தில் அதனைப் போற்றிப் பேசினார்கள். நல்வழக்கு எவரிடம் இருந்தாலும் அதனை நல்வழக்கு என்று அழைப்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

தொழுகையைப் பற்றிப் பேசும்போது இடையில் ஒரு செய்தி. கிப்லாவைக் கணித்தபோது வியந்துபோனேன். சவாயியிலிருந்து மக்கா 16,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் திசை மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. சென்னையிலிருந்து நாம் நோக்கும் கோணமும் ஏறத்தாழ அதுவே. இன்னொன்று: சமோவாவின் நாட்காட்டியில் 2011 டிசம்பர் 30 என்றொரு நாளே கிடையாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு வணிகம் செய்ய வசதியாக, பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபுறத்துக்கு அந்நாடு இடம்பெயர்ந்தது. வியாழன் இரவு உறங்கியவர்கள் சனிக்கிழமை கண்விழித்தார்கள். விடுபட்டது வெள்ளிக்கிழமை. அந்த வாரம் அங்கே ஜும்ஆ இல்லை. ஏழாம் நாளை ஓய்வுநாளாகப் பேணும் அட்வென்டிஸ்ட் கிறித்தவர்களிடையே எது உண்மையான சனிக்கிழமை என்ற வாதமே எழுந்தது. பிறை குறித்து ஆண்டுதோறும் சண்டையிடும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க இயலாது.

உணவைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள். ஞாயிறு காலையில் ‘உமு’ என்னும் அடுப்பு மூட்டப்படுகிறது. கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின்மீது சேப்பங்கிழங்கு, ஈரப்பலாக்காய், மீன், இறைச்சி ஆகியவற்றை அடுக்கி இலைகளால் மூடிவிடுகிறார்கள். அதே கற்களின்மீது பன்றியும் வேகும் என்பதுதான் நமக்குச் சிக்கல். வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் சொன்னதும் எங்களுக்கெனத் தனியே ஒரு சிறு உமு மூட்டினார்கள். சேப்பிலையில் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கட்டி வேகவைக்கும் ‘பலுசாமி’ அருமையானது. பெயரைக் கேட்டு நம் பக்கத்து ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். சிலர் அதில் தகரடப்பா மாட்டிறைச்சியைச் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்க. எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பச்சைமீன் ‘ஓக்கா’வைப் பிள்ளைகள் தொடவில்லை. நான் மூன்று முறை வாங்கி உண்டேன்.

‘அவா’ என்னும் பானம் சற்று நுணுக்கமானது. மிளகுக் குடும்பத்துச் செடியொன்றின் வேரை நீரில் பிழிந்து, ‘தானோவா’ என்னும் பல கால்கள் கொண்ட மரக்கிண்ணத்தில் கரைத்து, ஊர்த்தலைவர்களின் வரவேற்புச் சடங்கில் தகுதிவரிசைப்படி ஒவ்வொருவராய்ப் பெயர்சொல்லி அழைத்து வழங்குகிறார்கள். அது மதுவன்று, நொதிக்க வைப்பதும் இல்லை. ஆனால் நாக்கை மரக்கச் செய்யும்; மிகுதியாகப் பருகினால் உடலை மந்தமாக்கும். அதிகமாகப் பருகினால் போதையூட்டும் பொருள் எதுவோ அதில் சிறிதளவும் ஆகாது என்பது நமக்குத் தெரிந்த விதி. மேலும், பருகுமுன் சில துளிகளைத் தரையில் சிந்துவது இறைவனுக்கான காணிக்கை என்று அவர்களே விளக்கினார்கள். ஆகவே பருகாமலிருப்பதே பேணுதல் என்பது என் முடிவு. சிரட்டைக் கோப்பையை இரு கைகளாலும் வாங்கி, நன்றிகூறி, என் மார்க்கம் இதனை எனக்கு அனுமதிக்கவில்லை என்று பணிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பேச்சாளர் தலையசைத்தார், அடுத்தவரின் பெயரை அழைத்தார். மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவது அம்முறையன்று.

அவர்களுடைய குடும்ப அமைப்பில் இரண்டு செய்திகள் நம்மவர் அறியத்தக்கவை. முதலாவது நிலம். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மரபுவழிக் குடும்ப நிலம். அதனை விற்கக் கூடாது என்று அரசியலமைப்பே தடுத்துள்ளது. ‘மத்தாய்’ என்னும் குடும்பத் தலைவர் அதன் பொறுப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர். வக்ஃபு போன்றதோ என்று முதலில் தோன்றியது. முழுவதும் அப்படியன்று, அறத்துக்கென அல்லாஹ்வின் பெயரால் அளிக்கப்பட்டது வக்ஃபு, இதுவோ குலத்தின் சொத்து. ஆயினும் விற்க முடியாத நிலம் என்றால் உண்மையிலேயே விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டபோது, நம் ஊர்களில் வக்ஃபு நிலங்கள் போன வழியெல்லாம் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, உடன்பிறந்தாள். தமையனுக்கும் தங்கைக்கும் இடையே உள்ள உறவை அவர்கள் ஓர் உடன்படிக்கையாகவே கருதுகிறார்கள். சகோதரி சகோதரனின் கண்மணி என்பது அவர்களது பழமொழி. குடும்ப முடிவுகளில் அவளுடைய சொல்லுக்குக் கனம் உண்டு. அவள் முன்னிலையில் தகாத சொல் பேசலாகாது. தங்கை என்றால் உயிர் என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். ஆனால் அல்லாஹ் குர்ஆனில் பங்கு குறித்துக் கொடுத்த சொத்தில், திருமணத்துக்குச் செய்த செலவைக் காரணம் காட்டி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடும் அண்ணன்மார் நம்மிடையே எத்தனை பேர்? தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. மாற்று மதத்தவரின் ஊருக்குப் போனால் ஈமான் கெடும் என்று அஞ்சுவோர், இந்தப் பத்திரத்தை ஏன் அஞ்சுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இறப்பு, திருமணம், பட்டமேற்பு என எது வந்தாலும் உறவினர் எல்லோரும் பணமும் பாயும் பன்றியும் கொண்டுவந்து குவிக்க வேண்டும், ‘ஃபாலாவேலாவே’ என்பார்கள். சிக்கல் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது பொருத்தம்தான். ஆக்லாந்தில் தொழிற்சாலையில் இரவுப்பணி செய்பவர் கடன் வாங்கி அனுப்புவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தேவாலயத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பெயரோடும் தொகையோடும் உரக்க வாசிக்கும் வழக்கமும் உண்டு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தவர் நாம்; ஆனால் பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில்கூட அன்பளித்தவர் பெயரை எழுதிவைப்பவர்களும் நாம்தான்.

இன்னும் கடுமையானது ஊர்விலக்கு. மத்தாய்கள் கூடும் ‘ஃபோனோ’ என்னும் ஊர்மன்றத்தின் அதிகாரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. அந்திமணிக் கட்டுப்பாட்டை மீறினால் தண்டம். பெருங்குற்றமானால் குடும்பத்தையே ஊரைவிட்டு அனுப்புவார்கள். புதிய சபையொன்றில் சேர்ந்ததற்காகக் குடும்பங்கள் ஊரால் ஒதுக்கப்பட்டு, வழக்குகள் நீதிமன்றம் ஏறியதும் உண்டு. கிறித்தவத்துக்குள்ளேயே சபை மாறியவர்களுக்கு இந்நிலை என்றால், அவ்வூரில் ஒருவர் கலிமா சொன்னால் என்னவாகும்? என்னை அழைத்த பெரியவரிடமே கேட்டேன். நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, மன்றம்தான் முடிவு செய்யும் என்றார். அந்த அமைதிக்கு நான் கொடுத்த மதிப்பெண் குறைவுதான். ஊர் ஒன்றுபட்டு அடங்கும் அந்தி அழகானது. ஆனால் அடங்க விரும்பாத ஒருவருக்கு அவ்வூரில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அந்த அழகை அளக்க வேண்டும். சிறுபான்மையாய் வாழும் நமக்கு இது புரியும். நம் ஜமாஅத்துகள் சில, தமக்குப் பிடிக்காதவரின் மையித்தை அடக்க இடமில்லை என்று சொன்ன நாள்களை எண்ணினால் இன்னும் நன்றாகப் புரியும்.

அவர்கள் பட்ட துயரமும் சிறிதன்று. 1918 நவம்பர் 7 அன்று ‘தலூன்’ என்னும் கப்பல் ஆக்லாந்திலிருந்து காய்ச்சல் கண்டவர்களோடு அப்பியா துறைமுகத்தை அடைந்தது. அப்போது தீவை ஆண்ட நியூசிலாந்து நிர்வாகம் அதனைத் தடுக்கவில்லை. சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், இறந்தார்கள். அருகிலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் துறைமுகத்தை அடைத்துவிட்டார். அங்கே ஒருவர்கூட அந்நோயால் மாளவில்லை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து வெளியேறாதீர் என்று நபியவர்கள் காட்டிய வழியை நம் குழந்தைகளுக்குக் கற்பிக்க இதைவிடத் தெளிவான வரலாறு கிடைப்பது அரிது. அந்தக் கப்பலுக்காகவும், 1929 டிசம்பர் 28 அன்று அமைதியாய் ஊர்வலம் சென்ற மவு இயக்கத்தவரைச் சுட்டதற்காகவும் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002 ஜூனில் அப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்கம் இருக்கிறது. நான் கண்டதில்லை, கேட்டதைச் சொல்கிறேன். கொலையோ பெருந்தீங்கோ நிகழ்ந்துவிட்டால், தீங்கிழைத்தவனின் குடும்பத்தார் விடியுமுன்னரே பாதிக்கப்பட்டவர் வீட்டின் முன் சென்று தலைகுனிந்து அமர்கிறார்கள். தலைவர் தம்மீது ‘ஈ தோங்கா’ என்னும் மெல்லிய தாழம்பாயைப் போர்த்திக்கொள்கிறார். ஒரு பாயை முடையப் பெண்களுக்குப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். குடும்பத்தின் மிக மதிப்புள்ள உடைமை அதுவே. ‘இஃபோங்கா’ என்பது இதன் பெயர். 1970களில் பசிபிக் தீவு மக்களின் வீடுகளில் விடியற்காலையில் காவல்துறையை ஏவியதற்காக, 2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து நகர மண்டபத்தில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் இவ்வாறே பாயின்கீழ் அமர்ந்தார்.

கொலையுண்டவரின் உறவினர் பழிக்குப் பழியை விட்டு, ஈட்டை ஏற்று மன்னிக்கலாம் என்று திறக்கப்பட்ட வாசலை நம் மார்க்கம் அல்லாஹ்வின் அருள் என்கிறது. இரண்டுக்கும் உள்ள ஒப்புமை தெளிவு. வேறுபாடும் உண்டு: நம்மிடம் மன்னிக்கும் உரிமை வாரிசுகளுக்கு உரியது, அங்கே குலத்தின் மானம் பேசுகிறது. இஃபோங்கா நடந்தால் நீதிமன்றம் தண்டனையைக் குறைப்பதும் உண்டு என்பதால், தீங்கிழைக்கப்பட்ட பெண்ணின் குரல் பெரியவர்களின் சமாதானத்தில் அமுங்கிவிடக்கூடும். இதனை அவ்வூர்ப் பெரியவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தம் இளமையில், தம் சிற்றப்பன் மகன் செய்த குற்றத்துக்காகத் தம் தகப்பனார் பாயின்கீழ் அமர்ந்ததை மட்டும் சொன்னார். குற்றம் செய்தவன் அன்று அங்கே இல்லை, சிறையில் இருந்தான். உள்ளிருந்தவர்கள் எழுந்து வந்து பாயை விலக்கும்வரை எவரும் பேசக்கூடாது. வெயில் ஏறியது. அவருக்கு அப்போது ஒன்பது வயது; தகப்பனாரின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்க் குடுவையோடு நிறுத்தப்பட்டிருந்தார். நண்பகலுக்குச் சற்று முன் அந்த வீட்டின் மூதாட்டி இறங்கி வந்து பாயின் ஓரத்தைத் தூக்கினாராம்.